வீட்டுப் பாட்டும் அதன் முத்திரையும்

விழா மலர் என்றால் ஆலய வரலாறும் பங்குத் தந்தையரின் பட்டியலும் தவறாமல் இடம்பெறும். நம் வீடுகளில் பிறந்த பாடல்களின் வரலாற்றுக்கு மட்டும் எவரும் ஒரு பக்கம் ஒதுக்குவதில்லை. இன்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இளைஞர்கள் தாமே பாட்டெழுதி, தாமே பாடிப் பதிவு செய்து, படமும் பிடித்துக் கைப்பேசியில் அனுப்புகின்றனர். இது நேற்று முளைத்த பழக்கம் எனப் பெரியோர் சிலர் குறைப்படுகின்றனர். உண்மையில் பாட்டு என்றும் வீட்டில்தான் பிறந்தது. பதிவுக் கருவி வீட்டுக்குள் வரத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்த ஆண்டாள், திருப்பாவையின் 30ஆம் பாசுரத்தில் புதுவை என்று தம் ஊரையும், பட்டர்பிரான் என்று தந்தையையும், கோதை என்று தம்மையும் குறித்து வைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பாடலை எவரும் தமதென்று சொல்ல இயலவில்லை. தியாகராஜரும் முத்துசாமி தீட்சிதரும் தம் கீர்த்தனைகளில் முத்திரை பதித்தனர். நம் கத்தோலிக்கக் கவிஞர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தம் கீர்த்தனைகளை நூலாக அச்சிட்டார். ஆனால் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் கட்டிய நம் பாட்டிமார் யார் யார்? ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இசைத்தட்டு வந்தபோதும் பெயர்க் கவலை இருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெடரிக் கெய்ஸ்பெர்க் என்பவர் கவுகர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாயின. மொழி தெரியாத அங்குள்ளோர் எது யார் பாட்டு என்று அறிவதற்கே இந்த ஏற்பாடு என்பர்.

பின்னர் திரைப்படம் வந்தது. 1945இல் வெளியான மெய்யப்ப செட்டியாரின் ஸ்ரீவள்ளியில் நடித்தவர் ருக்மணி. படப்பிடிப்பு முடிந்தபின் அவருடைய பாட்டுக் குரலை நீக்கிவிட்டு, பெரியநாயகியின் குரலைச் சேர்த்தனர். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது! இன்று மொட்டை மாடியில் பாட்டை ஒலிக்கவிட்டு வாயசைக்கும் பிள்ளைகள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கேசட்தான் பதிவைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் உறவினர் கொணர்ந்த டேப் ரிக்கார்டர்களில் பாட்டியின் தாலாட்டும் பாடற்குழுவின் ஒத்திகையும் பதிவாயின. கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறொன்றைப் பதிவு செய்ய முடியாது. உடைக்க மறந்த எத்தனையோ வீடுகளில் பாட்டியின் குரல்மேல் சினிமாப் பாட்டு ஏறிவிட்டது. தப்பியவற்றையும் பூஞ்சை தின்று வருகிறது. அட்டையில் பென்சிலால் எழுதிய பெயர் அதற்கு முன்பே மங்கிவிட்டது. இந்த இழப்புக்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியாது. நம் அசட்டையே காரணம்.

திரைப்பட நிறுவனத்தின் துணையின்றிப் பாட்டும் படமும் செய்தோருக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2017 பொங்கலன்று வெளிவந்த சென்னைப் பொறம்போக்குப் பாடலைக் கபேர் வாசுகி எழுதினார், ஆர். கே. ஸ்ரீராம்குமார் இராகமாலிகையாக இசையமைத்தார், டி. எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் பிரசாத் படமாக்கினார். அனல் மின் நிலையச் சாம்பலால் பாழ்படும் எண்ணூர்க் கழிமுகத்திலேயே வித்துவான்களை அமர வைத்துப் படம் பிடித்தனர். பொறம்போக்கு என்பது இன்று வசைச்சொல். ஒரு காலத்தில் அது ஊருக்குப் பொதுவான, வரியில்லாத நிலத்தைக் குறித்தது. கண்மாயை நம்பி வாழும் நம் பகுதியினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் எழுதினார், யார் இசைத்தார், யார் படமெடுத்தார் என்பது அப்பாடலில் ஐயமின்றித் தெரிகிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செலவு அதிகமில்லை. சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிச் சத்தம் ஓயும் நேரம் பார்க்க வேண்டும், அவ்வளவே. அறையில் எதிரொலி கேட்டால் சுவரோரம் பஞ்சு மெத்தையை நிறுத்தலாம். பஞ்சாலை ஊரில் அதற்கா பஞ்சம்! முதலில் குரலைப் பதிவு செய்துகொண்டு, பிறகு அதை ஒலிக்கவிட்டுப் படம் எடுப்பது எளிது. தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் ஒலியையும் படத்தையும் பொருத்த வசதியாயிருக்கும். எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், படமெடுத்தவர் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் கடைசியில் ஐந்து விநாடி எழுத்தில் காட்டிவிடலாம். பாட்டி சொல்லித் தந்த மெட்டு என்றால் பாட்டியின் பெயர் முதலில் வரட்டும்.