ஸ்பெயின் மீன் சாறும் எங்க ஊர் வடகமும்

2025 ஜூலையில் புதுச்சேரிக்கு ஒரு சொகுசுக் கப்பல் வந்தது. வந்தது என்றால் கரைக்கு இல்லை. தூரத்தில் கடலிலேயே நின்றது, பயணிகளைச் சின்னப் படகுகளில் ஏற்றி உப்பளம் துறைமுகத்தில் இறக்கினார்கள். (2022-ல் வந்தபோது அனுமதி கிடைக்காமல் போனது தனிக்கதை.) சில மணி நேரத்தில் ஊரைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

அவர்கள் என்னைக் கேட்டிருந்தால் ஒயிட் டவுன் பக்கம் அனுப்பியிருக்க மாட்டேன். அரிக்கமேடு போங்க என்றிருப்பேன்.

எங்கள் சாரத்திலிருந்து வண்டியில் அரை மணி நேரம். கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் காக்காயன்தோப்பு. பார்க்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மரங்கள், இடிந்த செங்கல் சுவர், பக்கத்தில் ஆறு, கொஞ்சம் அலையாத்திச் செடிகள். அவ்வளவுதான். முதல் தடவை போனபோது நானே ஏமாந்துதான் திரும்பினேன்.

ஆனால் 1945-ல் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டிய மண் இது. இரண்டு கைப்பிடி வைத்த உயரமான ரோமானிய ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில் சொன்னதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பெரும்பாலானவை கிரேக்கப் பக்கத்துத் திராட்சை மது வந்த ஜாடிகள். சில, ஸ்பெயினிலிருந்து 'காரம்' வந்தவை. நம்ம காரம் இல்லைங்க! மீனை உப்புப் போட்டு வெயிலில் ஊறவைத்து இறக்கும் சாறு, அதன் பெயரே காரம். கருவாடு போடும் ஊருக்கு மீன் சாறு இறக்குமதி! இங்கே தங்கியிருந்த மேற்கத்திய வியாபாரிகளுக்காக வந்திருக்கலாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால்.

ஏன் இந்த இடம்? ஆற்று முகத்துவாரம், அலை அடிக்காது. பிரெஞ்சுக்காரர்களோ திறந்த கடற்கரையில் ஊரைக் கட்டினார்கள். கப்பல் தள்ளித்தான் நிற்கும். ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த சலங்குதான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவரும். அடித்தாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. பிற்பாடு இரும்புப் பாலம் கட்டினார்கள், அதை 1952 புயல் கொண்டுபோனது.

கடைசியில் 1980களில் அதே அரியாங்குப்பம் ஆற்று வாயிலில் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டினார்கள். இங்கே மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்பு அதை நிறுத்திவிட்டது. விளைவு, நகரத்தின் கடற்கரை போயே போச்சு. வடக்கே மீனவர் குப்பங்களைக் கடல் தின்றது. அப்பா தலைமுறை மணலில் விளையாடிய இடத்தில் நான் சின்ன வயதில் பார்த்தது கருங்கல் மட்டும். 2018-க்குப் பிறகு நீருக்கடியில் ஒரு தடுப்பு போட்டதில் தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, 2025-ல் வந்த கப்பல் பழையபடி தள்ளித்தான் நின்றது!

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இங்கிருந்து பிரான்சுக்குப் போனதும் உண்டு. அங்கே 'வதுவான்' என்று பாட்டிலில் விற்கும் மசாலா நம்ம வடகம்தான். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டை மாடியில் என் பாட்டி காயவைப்பாரே, அதே வடகம். மீன் குழம்புக்கு ஒரு உருண்டை தாளித்தால் வாசனை தெருமுனை வரைக்கும் வரும்.