ஹெட்டிரோகுரோமேட்டின்: ஒரு சொல்லும் ஒரு தாவரப் புரதமும்

செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வும் அதனைத் தாங்கும் புரதங்களும் இணைந்த பொருளே குரோமேட்டின் ஆகும். இப்புரதங்களின் வரலாற்றைப் பழ ஈயிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் தாவரவியலுக்கு நியாயம் செய்வதாக இல்லை.

ஜெர்மானியத் தாவரவியலாளர் எமில் ஹைட்ஸ் மாஸ் வகைத் தாவரங்களின் உட்கருக்களை ஆராய்ந்து 1928இல் தம் முடிவுகளை வெளியிட்டார். செல் பிரிந்து முடிந்தபின் குரோமோசோம்கள் தளர்ந்து மங்குவது இயல்பு. ஆனால் சில பகுதிகள் தளராமல், சாயத்தை அடர்த்தியாக ஏற்றபடியே நின்றன. தளராதவற்றை ஹெட்டிரோகுரோமேட்டின் என்றும் தளர்வனவற்றை யூகுரோமேட்டின் என்றும் அவர் பிரித்துப் பெயரிட்டார். அடர்ந்த பகுதி மரபியல் நோக்கில் செயலற்றது என்பது அவர் கருத்து. யூத வழித்தோன்றல் காரணமாக நாஜி ஆட்சியில் 1937இல் ஹாம்பர்க்கில் பதவியிழந்த அவர், சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்குச் சென்றார். அவர் தந்த சொல் நிலைத்தது. அது மாஸில் பிறந்தது என்பது மறக்கப்பட்டது.

1986இல் ஜேம்ஸ், எல்ஜின் ஆகியோர் பழ ஈயின் ஹெட்டிரோகுரோமேட்டினில் தங்கும் புரதம் ஒன்றைக் கண்டறிந்தனர். அதுவே எச்.பி.1. அதனை ஒத்த அமைப்புடைய புரதம் அராபிடாப்சிஸ் செடியில் கிடைத்தபோது, ‘எச்.பி.1 போன்றது’ என்னும் பொருளில் எல்.எச்.பி.1 எனப் பெயர் பெற்றது. அமைப்பைக் கொண்டு செயலையும் ஊகித்த பெயர் இது. ஊகம் பிழைத்தது.

இப்புரதத்தை இழந்த செடி உரிய காலத்திற்கு முன்பே பூத்தது; இலைகள் சுருண்டன. பூத்தலைத் தூண்டும் எஃப்.டி. ஜீன் அடக்கமின்றி இயங்கியதே முன்பூத்தலுக்குக் காரணம். அந்த ஜீனோ யூகுரோமேட்டினில் உள்ளது. ஹிஸ்டோன் எச்3இன் 27ஆம் லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகள் அமைந்த ஜீன்களிலேயே எல்.எச்.பி.1 படிகிறது என 2007இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அக்குறி பாலிகோம்ப் புரதங்கள் இடுவது. வளர்ச்சியின் பருவத்திற்கேற்ப ஜீன்களை அடக்கிவைக்கும் ஏற்பாடு அது. ஹைட்ஸ் கண்ட நிலையான அடர்த்தி அன்று.

அவ்வாறாயின் எச்.பி.1இன் பணியைத் தாவரத்தில் செய்வது எது? 2018, 2019ஆம் ஆண்டுகளில் விடை கிடைத்தது. 9ஆம் லைசினில் மெத்தில் ஏற்ற எச்3ஐப் பற்றி ஹெட்டிரோகுரோமேட்டினை உருவாக்க உதவும் ஏ.டி.சி.பி.1 என்னும் அப்புரதம், அமைப்பில் எச்.பி.1 குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று.