தூண்டிற்கோலும் வலையும்

மீன்பிடித்தல் என்றவுடன் நம் மனத்தில் எழுவது உழைப்பின் தோற்றமே. விடியுமுன் கடலிலே தள்ளப்படும் வள்ளமும், உப்பேறிய கைகளும், கரையிலே காத்திருக்கும் குடும்பமும் நாம் அறிந்தவை. ஆயின், மீன்பிடித்தலையே விளையாட்டாகக் கொண்டு, பெரும்பொருள் செலவிட்டுத் தூரதேசங்களுக்குச் சென்று, பிடித்த மீனைக் கடலிலே விட்டுவிட்டு மனநிறைவோடு திரும்பும் மனிதரும் உலகில் உளர். அத்தகையோர் ஆண்டுதோறும் கூடும் இடங்களுள் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாக் கரை முதன்மையானது. அக்கரையின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒரே கடலை இருவேறு வர்க்கத்தினர் இருவேறு கண்கொண்டு பார்த்து வந்தமை புலனாகும்.

இளவேனிலில் மெக்சிக்கோக் குடாவின் நீர் வெப்பமடையத் தொடங்கியதும், 'தார்ப்பன்' எனப்படும் பெருமீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையை அணுகுகின்றன. வெள்ளித் தகடுகள் போன்ற செதில்களையுடைய இம்மீன் நூறு இறாத்தலுக்கு மேல் வளர்வது சாதாரணம். தூண்டிலில் அகப்பட்டதும் ஆளுயரத்துக்கு மேலெழும்பித் துள்ளும். புளோரிடாவின் தென்மேற்கிலுள்ள பொக்கா கிராண்டே என்னும் ஆழமான கடல்வாயிலில், மே, யூன் மாதங்களில் இவை பெருந்தொகையாகத் திரள்கின்றன. அமாவாசை, பூரணையை ஒட்டிய நாள்களில் வற்றுநீர் வேகமாக வெளியேறுகையில், உட்கடலின் சிறு நண்டுகளும் அதனோடு அடித்துச் செல்லப்படும். அவற்றை உண்டு, பின் ஆழ்கடலிற் சென்று முட்டையிடுவதற்கே தார்ப்பன்கள் அங்குக் கூடுகின்றன. ஆனால் அமெரிக்கர் இம்மீனை உணவாகக் கொள்வது அரிது. பசிக்குதவாத ஒரு மீனே இக்கரையின் பெருஞ்செல்வமாக மாறியது.

இக்கரையின் முதல் மீனவர் கலூசா என்னும் பழங்குடி மக்கள். பயிர்த்தொழிலை நம்பாது, கடல் தந்த உணவைக் கொண்டே பேரூர்களையும் அரசையும் அமைத்தவர்கள் அவர்கள். உண்டு கழித்த சிப்பி, சங்குகளின் ஓடுகளால் அவர்கள் எழுப்பிய மேடுகள் இன்றும் நிற்கின்றன. 1513இல் வந்த ஸ்பானியரை எதிர்த்துப் போரிட்ட இம்மக்கள், பின்வந்த நோய்களாலும் அடிமை வேட்டைகளாலும் 18ஆம் நூற்றாண்டில் அழிந்தனர். 1896இல் கீ மார்க்கோ என்னுமிடத்தில் பிராங்க் குஷிங் என்ற ஆய்வாளர் சேற்றைத் தோண்டியபோது, அம்மக்களின் வலைகளும் மிதவைகளும் வெளிப்பட்டன. அரசர் மறைந்தனர், மொழி மறைந்தது, வலை எஞ்சியது.

அவர்களுக்குப் பின் கியூபாவிலிருந்து மீனவர் வந்தனர். கரையோரத் தீவுகளில் வாடி அமைத்து, பழங்குடிப் பெண்களை மணந்து, மடவை மீனைப் பிடித்து உப்பிட்டு ஹவானாவுக்கு அனுப்பினர். தவக்காலத்தில் இறைச்சியை விலக்கிய கத்தோலிக்க மக்களுக்கு அக்கருவாடு உணவாயிற்று. 1835இல் செமினோல் மக்களுக்கு எதிரான இரண்டாவது போர் தொடங்கியதும் இவ்வாடிகள் சிதறின. அங்கு வாழ்ந்த பழங்குடியினர் பலர் பிடிக்கப்பட்டு மேற்கே நாடுகடத்தப்பட்டனர்.

இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட கரைக்கே தூண்டிற்கோல் வந்தது. 1885இல் நியூயோர்க்கைச் சேர்ந்த டபிள்யூ. எச். வூட் என்பவர், சானிபெல் தீவருகே 93 இறாத்தல் நிறையுள்ள தார்ப்பன் ஒன்றைக் கோலும் நூலும் கொண்டு பிடித்தார் என்பது செய்தியாயிற்று. அதுவரை எறியீட்டியாற் குத்தியே இம்மீனைப் பிடித்து வந்தனர். வட மாநிலங்களின் செல்வர் குளிர் நீங்கும் பருவத்தில் இங்கு வரலாயினர். தெருவண்டிகளில் விளம்பரம் ஒட்டும் தொழிலிற் பெரும்பணம் ஈட்டிய பரன் கோலியர், 1911இல் யூசெப்பாத் தீவையே விலைக்கு வாங்கினார். கியூப மீனவரின் வாடி முன்னர் இருந்த தீவு அது.

தெற்கே, புளோரிடாவின் முனையிலிருந்து நீளும் சிறுதீவுகளிலும் இதே கதை இன்னுங் கொடிதாக நிகழ்ந்தது. எண்ணெய்ப் பெருமுதலாளி ஹென்றி பிளக்லர் கடலின்மேல் இருப்புப்பாதை அமைத்தபோது, லோங் கீத் தீவில் தொழிலாளர் பாசறை ஒன்று இருந்தது. 1906ஆம் ஆண்டுச் சூறாவளியில், அங்கு மிதவை வீட்டில் தங்கவைக்கப்பட்டிருந்த தொழிலாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் கடலில் மாண்டனர். வேலை முடிந்தபின் அதே பாசறை செல்வரின் மீன்பிடி விடுதியாயிற்று. 1917இல் அங்குத் தோன்றிய கழகத்துக்கு நாவலாசிரியர் ஸேன் கிரே முதல் தலைவரானார்.

1935 செப்டெம்பரில் மீண்டும் புயல் வந்தது. அப்போது அத்தீவுகளில் நெடுஞ்சாலைப் பணியில் இருந்தவர்கள் முதலாம் உலகப் போரின் முன்னாள் வீரர்கள். வேலையற்று, நிவாரணக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். அவர்களை மீட்க அனுப்பிய புகைவண்டி காலந்தாழ்த்தி வந்து, புயலாற் புரட்டப்பட்டது. மாண்டோர் நானூற்றுக்கு மேல். அவருள் 250க்கு மேற்பட்டோர் அவ்வீரர்கள். 1928இல் அப்பகுதிக்கு வந்து தூண்டிற்கோல் பிடித்து மகிழ்ந்த எழுத்தாளர் ஹெமிங்வே, பிணங்களை நேரிற் கண்டார். புயற் பருவத்தில் இவர்களை அங்கு விட்டுவைத்தவர் யார் என்று 'நியூ மாசஸ்' என்னும் இடதுசாரி இதழில் எழுதினார். லோங் கீ விடுதியும் அப்புயலில் அழிந்தது. சிதைந்த இருப்புப்பாதையின்மேல் 1938இல் வாகனப் பாதை திறக்கப்பட்டது. இன்று மீன்பிடிக்கச் செல்வோர் அத்தடத்திலேயே செல்கின்றனர்.

குடாவின் மறுகரையில், டெக்சாஸின் போர்ட் அரன்சாஸ் நகரில் ஒரு பழைய விடுதி உண்டு. தார்ப்பனைப் பிடித்தவர் அதன் செதிலிலே பெயரெழுதிச் சுவரிற் பதிப்பது அங்கு வழக்கம். 1937இல் வந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் செதிலும் அச்சுவரில் உள்ளது. நீரோட்டத்தை அறிந்து படகைச் செலுத்திய வழிகாட்டிக்கு அவ்வழக்கில் இடமில்லை.

வலைக்கும் கோலுக்கும் இடையிலான பிணக்கு 1994இல் வாக்குச்சாவடிக்கு வந்தது. செவுளிற் சிக்கும் வலைகளை மாநிலக் கடல் முழுவதிலும் தடைசெய்யும் அரசமைப்புத் திருத்தத்துக்கு ஏறத்தாழ 72 வீதமானோர் வாக்களித்தனர். 1995 யூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அத்தடைக்கு நியாயமே இல்லை என நாம் கூறமாட்டோம். சினை விலைக்காக மடவை மிகையாகப் பிடிக்கப்பட்டமை உண்மை; கடல் வளம் காக்கப்பட வேண்டியதும் உண்மை. ஆயினும் அப்பிரசாரத்தை முன்னின்று நடத்தியது விளையாட்டு மீன்பிடிப்போரின் சஞ்சிகை என்பதையும், வாக்களித்தோருட் பெரும்பாலோர் வலையைத் தொட்டறியாதவர் என்பதையும் மறத்தலாகாது. காப்பதன் பயன் பலருக்குச் சென்றது. விலை சில ஊர்களின் தலையில் விழுந்தது. சீடர் கீயில் வலையிழந்த மீனவர்க்குச் சிப்பி வளர்ப்பு கற்பிக்கப்பட்டது. அத்தொழில் அங்கு வேரூன்றியது. மாற்றுத் தொழில் தந்தால் மனிதர் எழுவர் என்பதற்கு அது சான்று. எல்லா ஊர்களுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

2013 முதல் புளோரிடாவில் தார்ப்பனைப் பிடிப்போர் அதனை மீண்டும் விட்டுவிட வேண்டும் என்பது விதி. சாதனைப் பதிவை நாடுவோர்க்கு மட்டும் தனி அனுமதிச்சீட்டு உண்டு. மீனுக்குக் காட்டும் இக்கருணையை நாம் வரவேற்கிறோம். அதே கருணை வலை இழந்தவனுக்கும், பாதை அமைத்து மாண்டவனுக்கும், சேற்றினுள்ளே வலையை விட்டுச் சென்ற முதல் மக்களுக்கும் உரியதன்றோ? செதிலில் எழுதிய பெயர்களைச் சுவர் காக்கிறது. எழுதப்படாத பெயர்களைத் தேடிக் காப்பது வரலாற்றைக் கற்பிப்போரதும் கற்போரதும் கடன்.