ஹட்டன் அனுப்பிய இருவர்: பெரி. சுந்தரமும் கோ. நடேசய்யரும்

மலையக வரலாறு பேசுவோர் பெரி. சுந்தரத்தையும் கோ. நடேசய்யரையும் எதிரெதிரே நிறுத்துவது வழக்கம். முன்னவர் கேம்பிரிட்ஜ் சென்று படித்த பாரிஸ்டர், அமைச்சர். பின்னவர் பத்திரிகைக்காரர், தொழிற்சங்கவாதி. ஆனால் அரசாங்க சபையில் இருவரும் அமர்ந்தது ஒரே ஹட்டன் தொகுதிக்காக. சுந்தரம் 1931இல் போட்டியின்றித் தெரிவானார். நடேசய்யர் 1936இல் வென்று 1947 வரை இருந்தார். தொகுதியும் ஒன்று, அச்சபையை அமைத்த டொனமூர் யாப்பும் ஒன்று. எனவே வேறுபாட்டை ஆட்களின் குணத்தில் தேடுவதற்கு முன் சபையின் நடைமுறையில் தேடுவது நல்லது.

அந்தச் சபையில் எல்லாம் முதல் நாட்களிலேயே முடிவாகிவிடும். சபாநாயகரைத் தெரிவு செய்த கையோடு உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும், அவரே அமைச்சர். 1931 ஜூலையில் தொழில், கைத்தொழில், வணிகக் குழு சுந்தரத்தைத் தேர்ந்தது. தோட்டத் தொகுதியிலிருந்து வந்தவரின் பொறுப்பில் தொழில் விவகாரம் வந்து சேர்ந்தது.

1936இலும் அதே ஏழு குழுக்கள், அதே இரகசிய வாக்கு. இம்முறை குழுக்களின் பெரும்பான்மை முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தது. ஏழு அமைச்சர்களும் சிங்களவராகவே அமைந்தனர். தொழில் அமைச்சு ஜி. சி. எஸ். கொரியாவிடம் போனது. சுந்தரம் ஏறிய ஏணி நடேசய்யர் வந்தபோது எடுக்கப்பட்டிருந்தது.

கிடைத்த பதவியால் சுந்தரம் எதைச் சாதித்தார்? அவர் அமைச்சராயிருந்த காலத்தில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. முன்னது வேலையில் காயப்பட்டவருக்கு இழப்பீடு தந்தது. பின்னது சங்கங்களைப் பதிவு செய்ய வழி வகுத்து, தொழில் தகராறில் இறங்கும் சங்கத்தைச் சிவில் வழக்குகளிலிருந்து காத்தது. இரண்டும் இன்றும் நடைமுறையில் உள்ளன.

கிடைக்காத பதவிக்கு ஈடாக நடேசய்யரிடம் என்ன இருந்தது? 1931இல் ஹட்டனை மையமாக்கித் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் இருந்தது. துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாக மூட்டை சுமந்து போன துணிச்சல் இருந்தது. கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மனைவி மீனாட்சியம்மாள் இருந்தார்.

ஒருவர் அதிகாரத்தின் உள்ளே, மற்றவர் வெளியே என்று கணக்கை முடித்துவிடலாம் போலத் தோன்றும். காலவரிசை அதற்கு இடம் தருவதில்லை. சுந்தரம் 1919இலேயே பொன். அருணாசலத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தில் உழைத்தவர். தொழிலாளரைக் கடன் சீட்டால் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் ஒழிந்ததன் பின்னணியில் அந்த முயற்சி உண்டு. நடேசய்யரோ 1920களின் நடுவிலேயே பழைய சட்டசபையின் உறுப்பினர். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது சபைக்குள் இருந்தவர். ஆக, ‘அமைச்சர்’ தொழிலாளர் இயக்கத்துக்கு முந்தி வந்தார். ‘கிளர்ச்சிக்காரர்’ சபைக்கு முந்தி வந்தார். நாம் ஒட்டிய அடையாளச் சீட்டுகள் இடம் மாறிக் கிடக்கின்றன.

சம்பள விடயத்தில் இருவரின் எல்லையும் ஒருசேரத் தெரிகிறது. 1929இல் உயர்மலைத் தோட்டத்து ஆண் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 54 சதம். உலக மந்தத்தில் தேயிலை விலை சரிந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. சுந்தரம் அமைச்சராக இருந்தும் வெட்டு நிற்கவில்லை. குழுத் தலைவரானாலும் அவருக்குக் குழுவில் இருந்தது தனியாட்சி அல்ல. நடேசய்யர் எதிர்த்துக் குரல் கொடுத்தும் நிற்கவில்லை. அப்போது அவருக்குச் சபையில் ஆசனமே இல்லை.

எனவே எவர் பெரியவர் என்ற கேள்வியை விட, எவர் இல்லாவிட்டால் எது குறைந்திருக்கும் என்ற கேள்வியே பயனுள்ளது. சங்கத்தில் சேரலாம் என்று சட்டம் சொன்னாலும், அச்செய்தி லயத்துக்குப் போகும் பாதை தோட்டத்துக்குச் சொந்தமானது. அங்கே துணிமூட்டை தேவைப்பட்டது. லயத்தில் சங்கம் முளைத்தாலும், அதை நீதிமன்றத்தில் நிற்க வைக்க 14ஆம் இலக்கம் தேவைப்பட்டது.

டொனமூருக்குப் பின் வந்த சோல்பரி யாப்பு நிர்வாகக் குழு முறையைக் கைவிட்டது. இன்றைய பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். திணைக்களத்தை நடத்த முடியாது. ஆகவே கூட்டத்தொடர் தொடங்கும்போது குழுவொன்றில் இடம்பெறும் மலையக உறுப்பினரிடம் சுந்தரத்தின் அதிகாரத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. நடேசய்யரின் விடாப்பிடியைக் கேட்பதற்கு யாப்பு குறுக்கே நிற்கவில்லை.