கையால் வரைந்த பிலிம், வீட்டில் செய்த புரொஜக்டர்: எமில் ரெனோவின் கதை

இன்னைக்கு மருத்துவம் இல்லை. ஒரு குட்டி வரலாறு. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

டூரிங் டாக்கீஸ் காலத்து ஆட்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். தியேட்டர் வாசல்ல பொறுக்கின பிலிம் துண்டு, உள்ளே இருக்கிறதை நோண்டி எடுத்துட்டு தண்ணி ஊத்தின ஃபியூஸ் போன பல்பு, வெயிலை உள்ளே திருப்ப ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி, சுவத்துல அப்பாவோட வேட்டி. படம் ரெடி. ஹீரோவுக்கு மார்க்கர் பேனாவால மீசை வரைவோம். வில்லன் கண்ணைக் காம்பஸ் முனையால சுரண்டுவோம், திரையில கண்ணு பளிச்சுனு எரியும்!

(பல்பை நோண்டினப்போ கிழிச்ச தழும்பு என் இடது கட்டைவிரல்ல இன்னும் இருக்கு. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடாதீங்க.)

ஒரே குறை, படம் அசையாது. அதை அசைய வச்சுக் காட்டினவர்தான் நம்ம கதாநாயகன், பிரான்ஸ் நாட்டு எமில் ரெனோ. 1844-ல் பிறந்தவர். அப்பாவுக்கு நுண்ணிய இயந்திர வேலை தெரியும், அம்மாவுக்கு நீர்வண்ண ஓவியம் தெரியும். ரெண்டும் மகனுக்கு வந்தது.

1877-ல் 'பிராக்சினோஸ்கோப்'னு ஒரு பொம்மைக்கு காப்புரிமை வாங்கினார். ஒரு வட்ட டப்பா, உள்பக்கம் 12 படங்கள், நடுவில் 12 கண்ணாடிகள். சுத்தினா படம் ஓடும். அதுவரை இருந்த பொம்மைகள்ல சின்ன இடுக்கு வழியாத்தான் பார்க்கணும், பாதி இருட்டா இருக்கும். கண்ணாடி வச்சதும் படம் வெளிச்சமாச்சு.

இங்க டாக்டரா ஒரு வரி. விழித்திரையில் பிம்பம் ஒட்டிக்கிட்டே இருக்கிறதாலதான் படம் ஓடுற மாதிரி தெரியுதுன்னு பள்ளியில் படிச்சிருப்போம். அது முழு உண்மை இல்லை. அசைவை உருவாக்குறது மூளை.

12 படத்தில் என்ன கதை சொல்ல முடியும்? அதனால ரெனோ படங்களை நீளமான பட்டையா இணைச்சார். ஒவ்வொரு படமும் ஜெலட்டின் தகட்டில் அவரே கையால வரைஞ்சு வண்ணம் தீட்டினது. பட்டையில் துளைகள். அந்தத் துளைகள் கண்ணாடி உருளையில் இருந்த முளைகளில் மாட்டிக்கும். விளக்கு, லென்ஸ், ரெண்டு சக்கரம். பின்னணிக் காட்சிக்குத் தனி விளக்கு. மோட்டார் கிடையாது, கையால சுத்தணும். 1888-ல் இதுக்கும் காப்புரிமை. பேரு 'தேயாத்ர் ஓப்டிக்'.

1892 அக்டோபர் 28. பாரிஸ் க்ரெவான் மெழுகுச் சிலை மியூசியத்தில் முதல் காட்சி. லூமியே சகோதரர்கள் பாரிஸ்ல டிக்கெட் போட்டுக் காட்டினதுக்கு மூணு வருஷத்துக்கும் முன்னாடி!

அன்னைக்குக் காட்டினதில் ஒண்ணு 'போவ்ர் பியரோ', அதாவது பாவப்பட்ட பியரோ. மொத்தம் 500 படம், 36 மீட்டர். நொடிக்கு 12 படம்னு ஓட்டினா ஒரு நிமிஷம்கூட வராது. ஆனா காட்சி கால் மணி நேரம் கிட்ட நடந்தது. எப்படி?

ரெனோ திரைக்குப் பின்னாடி நின்னு நிறுத்துவார், பின்னாடி ஓட்டுவார், திரும்ப முன்னாடி கொண்டு வருவார். பியரோ வருவான், தயங்குவான், போவான், மறுபடி வருவான். கூட்டம் சிரிச்சா இன்னும் நீட்டலாம், எல்லாம் அவர் கையில. நம்ம தோல்பாவைக்கூத்துக்காரர் திரைக்குப் பின்னாடி இருந்து கூட்டத்தோட சத்தத்தைக் கேட்டு ஆட்டுவார் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். பியரோ முதுகில் தடியடி விழும்போது பட்டையில் இருந்த உலோகத் துண்டு மின்காந்தத்தை இயக்கி டமால்னு சத்தம் வர வைக்கும். 1892-ல்!

1900 வரை காட்சி நடந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பார்த்தாங்க. ஆனா ஒப்பந்தப்படி வேற எங்கேயும் காட்டக் கூடாது. ஒரு படம் வரைய மாசக்கணக்கு. அந்தப் பக்கம் லூமியே கேமரா ஒரே நிமிஷத்தில் ஒரு படம் எடுத்துடும், எத்தனை பிரதி வேணும்னாலும் போடலாம். ரெனோவிடம் இருந்தது ஒரே ஒரு பட்டை, அதுவும் ஒவ்வொரு காட்சியிலும் தேய்ஞ்சுக்கிட்டே இருந்தது.

1910-ஐ ஒட்டிய வருஷங்களில், மனசு உடைஞ்சு, தன் பட்டைகளில் பெரும்பாலானதை செய்ன் நதியில் வீசிட்டார். 1918 ஜனவரியில் பாரிஸை ஒட்டிய இவ்ரியில், தீராத நோயாளிகளுக்கான விடுதி ஒன்றில் இறந்தார். அப்படிப்பட்ட வார்டுகள்ல வேலை பார்த்தவன் நான். கட்டில்ல படுத்திருக்கிறவர் முன்னாடி என்ன வேலை செஞ்சார்னு கேஸ் ஷீட்டில் ஒரு வார்த்தைதான் இருக்கும். ரெனோவுக்கு என்ன எழுதியிருப்பாங்க?

தப்பிச்சது ரெண்டே பட்டை. ஒண்ணு கடற்கரைக் குளியல் காட்சி, இன்னொண்ணு நம்ம பியரோ. இணையத்தில் இருக்கு, பாருங்க. சில நிமிஷத்தில் முடிஞ்சிடும்.

சரி, உங்க ஊர்ல பல்பில் தண்ணியா, பூதக்கண்ணாடியா? யார் வீட்டு வேட்டி? சொல்லுங்க.