அக்ராவின் மாதக் கூட்டங்கள்

1993 மே மாதம் கம்போடியாவில் நடந்த தேர்தலை ஐ.நா. சபை வெறுமனே பார்வையிடவில்லை. தானே முன்னின்று நடத்தியது. படைவீரர்களும் அலுவலர்களுமாகச் சுமார் 22,000 பேர் வந்திறங்கினார்கள். செலவு 150 கோடி டாலரைத் தாண்டியது. வாக்காளர் பட்டியலைத் தயாரித்ததும் ஐ.நா.தான், மக்களுக்கு விளக்கிச் சொல்லத் தனி வானொலி நிலையமே நடத்தியது. கெமர் ரூஜ் கிளர்ச்சிப் படையின் மிரட்டலுக்கு அஞ்சாமல், பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அந்தத் துணிவை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஃபுன்சின்பெக் கட்சிக்கு 58 இடங்கள், அதுவரை ஆண்ட ஹுன் சென்னின் மக்கள் கட்சிக்கு 51. ஆனால் காவல்துறையும் மாகாண நிர்வாகமும் தோற்றவர்களின் பிடியிலேயே இருந்தன. முடிவை ஏற்க அவர்கள் மறுத்தார்கள். ஃபுன்சின்பெக் தலைவர் ரணரித்தும் ஹுன் சென்னுமாக ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் என்ற சமரசம் பிறந்தது. செப்டம்பரில் ஐ.நா. பணியை முடித்துக்கொண்டது. 1997 ஜூலையில் ஹுன் சென் ஆயுதபலத்தால் ரணரித்தை அகற்றினார்.

ஏறக்குறைய அதே காலத்தில் கானாவில் வேறொரு வழி உருவானது. 1992 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில், ஏற்கெனவே ஆட்சியில் இருந்த ராலிங்ஸ் வென்றார். முறைகேடு என்று கொதித்த எதிர்க்கட்சிகள் அடுத்து வந்த நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தன. வந்துபோன வெளிநாட்டுப் பார்வையாளர்களின் அறிக்கைகள் அந்தக் கசப்பைத் தணிக்கவில்லை. தணித்தது 1994இல் தேர்தல் ஆணையம் தொடங்கிய கட்சிகளின் ஆலோசனைக் குழு. எல்லாக் கட்சிப் பிரதிநிதிகளும் தலைநகர் அக்ராவில் மாதந்தோறும் ஆணையத்தோடு உட்கார்ந்து பட்டியல், பெட்டி, அடையாள அட்டை என ஒவ்வொன்றாக வாதிட்டார்கள். உதவி தந்த நாடுகளின் பிரதிநிதிகளும் அங்கே இருந்தார்கள், ஆனால் தலைமை ஆணையத்திடமே இருந்தது. வெளிநாட்டுப் பணம் புதிய வாக்காளர் பட்டியலுக்கும், உள்ளே இருப்பது தெரியும் வாக்குப்பெட்டிகளுக்கும், கட்சி முகவர்களின் பயிற்சிக்கும் போனது. 1996 தேர்தலில் எதிர்க்கட்சி தோற்றது. ஆயினும் நாடாளுமன்றத்துக்குள் வந்து அமர்ந்தது. 2000இல் அதே எதிர்க்கட்சியின் குஃபுவோர் வென்று ஆட்சியைக் கைப்பற்றினார். என் பார்வையில், தேர்தல் உதவியின் வரலாற்றிலேயே பணம் இவ்வளவு சரியான இடத்தில் விழுந்தது அரிது.

போர் ஓய்ந்த நாட்டையும் அமைதியான நாட்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் போரை நிறுத்தக் கையெழுத்தான பாரிஸ் அமைதி ஒப்பந்தம் கம்போடியாவின் பாதுகாப்பு, நிதி, காவல் துறைகளைக் கண்காணிக்கும் அதிகாரத்தையும் ஐ.நா.வுக்குத் தந்திருந்தது. வாக்குப்பதிவு நாளுக்குக் காட்டிய முனைப்பு அந்த வேலைக்குக் கிடைக்கவில்லை. அங்கேதான் தேர்தல் தோற்றது. ராலிங்ஸ் விலக இசைந்ததால்தான் கானா தப்பியது என்பது இன்னொரு வாதம். அவர் இசைந்தது உண்மை, அது பெரிய விஷயமும்கூட. எனினும் அவர் போனபின் வந்த 2008 தேர்தலை அது விளக்காது. இரண்டாம் சுற்றில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஆட்டா மில்ஸ் பெற்றது 50.23 சதவீதம், ஆளுங்கட்சி நூலிழையில் தோற்றும் ஆட்சியை ஒப்படைத்தது. 2012 முடிவை எதிர்த்தவர்கள் வாக்குச்சாவடிகளில் முகவர்கள் கையெழுத்திட்ட முடிவுத்தாள்களோடு உச்ச நீதிமன்றம் போனார்கள். தீர்ப்பு பாதகமாக வந்தபோதும், தோற்ற வேட்பாளர் அகுஃபோ அட்டோ அதை ஏற்றார். 2016இல் வாக்குச்சீட்டாலேயே அதிபரானார்.