சவுக்கின் பெயர் கொண்ட மாத்திரை

சென்ற மாதம் எங்கள் வீட்டு மீன் தொட்டியில் ஏஞ்சல் மீன் ஒன்று செத்துப் போயிற்று. பேத்தி அதற்கு வெள்ளைச்சாமி என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டு வாரமாக இரை எடுக்கவில்லை. வாயில் வாங்கும், உடனே துப்பிவிடும். நூல் போல வெள்ளையாக மலம் தொங்கியது. மீன் கடைத் தம்பி "வயித்துல பூச்சி சார்" என்று சொல்லி ஒரு குடற்புழு மருந்தைக் கொடுத்தார். சொன்னபடி இரண்டு முறை போட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் மீன் மிதந்தது. "மருந்து போட்டீங்களே தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

பூச்சி என்ற ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். மீனின் குடலில் குடியிருப்பவை ஒரே சாதி அல்ல. உருளைப் புழு உண்டு, நாடாப் புழு உண்டு. இவற்றோடு, கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல் உயிரிகளும் உண்டு. சவுக்கு போன்ற மெல்லிய இழைகளைச் சுழற்றி நீந்துபவை அவை. அவற்றில் ஓர் இனத்துக்கு ஹெக்ஸாமிட்டா என்று பெயரிட்டவர் ஃபெலிக்ஸ் துய்ழார்தன் என்ற பிரெஞ்சுக்காரர், 19ஆம் நூற்றாண்டில். ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற மீன்களை அதிகம் பிடிப்பவை இந்த வகையும் இதன் நெருங்கிய உறவினமும்தான். புழுவுக்கான மருந்து இவற்றை ஒன்றும் செய்யாது. நான் போட்டது அதைத்தான்.

இந்த நோயை முதலில் பெரிதாக எதிர்கொண்டவர்கள் அமெரிக்காவின் டிரவுட் மீன் பண்ணைக்காரர்கள். அவர்கள் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? காலோமெல், அதாவது பாதரச உப்பு, இரையில் கலந்து! சிரிக்க வேண்டாம். நம் தாத்தாக்களுக்கும் பேதி மருந்தாக டாக்டர்கள் அதையே கொடுத்தார்கள். மனிதனுக்கு எது வழக்கமோ அது மீனுக்கும் போயிற்று. பின்னாளிலும் அப்படியே.

மனிதர்களின் சீதபேதிக்கு அந்தக் காலத்தில் எமெட்டின் ஊசி. எமெட்டினைப் பிரித்தெடுத்தது 1817இல் பாரிசில், பெல்த்தியேவும் மஜாந்தியும். அதை ஊசியாகப் போட்டுச் சீதபேதியைக் குணப்படுத்தலாம் என்று 1912இல் கல்கத்தாவில் காட்டியவர் லியோனார்ட் ராஜர்ஸ். குணமாகும், ஆனால் இதயத்தைப் பதம் பார்க்கும். என் தகப்பனாருக்கு அந்த ஊசி போட்ட நாட்களில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று உத்தரவு. வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டோம்.

மாற்று வந்த வழி விசித்திரமானது. 1950களில் ஜப்பானில் ஒரு மண் நுண்ணுயிரியிலிருந்து அசோமைசின் என்ற பொருளைக் கண்டெடுத்தார்கள். அதன் அமைப்பைப் பார்த்து, பிரான்சின் ரோன் பூலாங்க் கம்பெனி வேதியியலாளர்கள் அதே குடும்பத்தில் பல சேர்மங்களைச் செய்து பார்த்தார்கள். அவற்றுள் ஒன்று மெட்ரோனிடசோல். பெண்களுக்கு வரும் ட்ரிக்கோமோனாஸ் என்ற தொற்றுக்கு அது உதவுகிறது என்ற செய்தி 1959இல் வெளியாயிற்று. ட்ரிக்கோமோனாஸும் சவுக்கு உயிரிதான். வணிகப் பெயர் ஃபிளாஜில். பிரெஞ்சில் அந்த இழையை ஃபிளாழெல் என்போம்; மூலம் லத்தீனில் சிறு சவுக்கு. பள்ளியில் லத்தீன் வேர்ச்சொற்களை உருப்போட வைத்த வாத்தியாரை அன்று திட்டியிருக்கிறேன். இப்போது அவரை நினைத்துக் கொண்டேன்.

1962இல் இங்கிலாந்தில் அந்தத் தொற்றுக்காக இதைச் சாப்பிட்ட ஒரு பெண்மணிக்கு ஈறு நோயும் சேர்ந்தே குணமாயிற்று. 1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அமீபா சீதபேதிக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். எமெட்டின் ஊசியின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. தகப்பனாருக்குச் சில வருஷம் தாமதம்.

காரணம் எளிது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் உயிரிகளின் உள்ளே போனால்தான் இந்த மருந்து விஷமாக மாறி அவற்றின் மரபுப் பொருளைச் சிதைக்கும். ஆக்சிஜனில் வாழும் நம் செல்லிலும் மீனின் செல்லிலும் பெரும்பாலும் சும்மா இருக்கும். அதனால்தான் மீன் வளர்ப்பவர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். தொட்டி மீனுக்கு மட்டும்தான் இது. உண்ணும் மீனுக்கும் கால்நடைக்கும் ஐரோப்பாவில் தடை இருக்கிறது. நம் நாட்டுப் பண்ணை இறாலுக்கும் மீனுக்கும் கூடாது.

புழு மருந்துகளின் கதையும் இப்படித்தான். உருளைப் புழுவுக்கான லெவமிசோல், 1966இல் பெல்ஜியத்தின் யான்சன் கம்பெனி கொண்டுவந்த டெட்ராமிசோலின் ஒரு பாதி, ஆடு மாடுகளுக்கானது. கப்பி மீனின் ஆசனவாயில் சிவப்பு நூல் தொங்கினால் அது காமல்லானஸ் என்ற புழு. அதற்கு இந்த மருந்து. புழுவைக் கொல்லாது, வாதம் வந்தது போல் முடக்கிவிடும். மீன் அதை வெளியே தள்ளும். தரையில் விழுந்ததை உறிஞ்சி எடுக்காவிட்டால் பிரயோசனமில்லை. குஞ்சுப் புழுக்கள் தப்பும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும். நாடாப் புழுவுக்கான பிராசிகுவாண்டல் ஜெர்மனியிலிருந்து, 1970களில்.

போன வாரம் இன்னொரு ஏஞ்சலுக்கும் அதே வெள்ளை நூல். இந்தத் தடவை அவசரப்படவில்லை. மைத்துனர் மகன் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறான். புதிதாக விழுந்த மலத்தை ஒரு துளித் தண்ணீரோடு கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினான். சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தன. புழு ஒன்றுமில்லை.

நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பது மிகக் குறைவு என்று அவன்தான் சொன்னான். உப்பு உடம்பில் இருக்கிறது, நீர் தானாகவே உள்ளே வருகிறது, எனவே குடிக்கத் தேவையில்லை. தண்ணீரில் கரைத்த மருந்து குடலுக்குக் குறைவாகவே சேரும். இரையில் கலந்தால் நேரே போகும். மீன் இன்னும் கொஞ்சம் தின்று கொண்டிருந்ததால் உறைய வைத்த இரையில் மாத்திரைத் தூளைக் கலந்து கொடுத்தோம். தின்னாத மீனென்றால் 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் வீதம் தண்ணீரில் கரைப்பதுதான் வழி.

ஐந்து நாளாயிற்று. மலம் கறுத்திருக்கிறது. பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொட்டிக்கு அருகில் போய், துப்புகிறதா விழுங்குகிறதா என்று பார்க்கிறாள். நேற்று நான்கு வாயும் விழுங்கியதாம். இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.